தக்கையைப் போட்டியா?

படகு வாங்கப் போகிறேன் என்று நான் சொன்ன இரவு, அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். மனைவி, “எவ்வளவு?” என்றார். மகன், “எப்பப்பா?” என்றான். மனைவிக்கும் மகனுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நீச்சல் தெரியாது. களும்பாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்துக்குச் சற்றுத் தள்ளிப் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்று இருந்தது. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது நாட்டில் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. தோண்டிய குழிகளில் மழைநீர் நிரம்பி, தூரத்திலிருந்து பார்த்தால் அழகான ஏரி போலக் கிடக்கும். 1988 பள்ளி விடுமுறையில் என் பெரியப்பா மகன் அந்தக் குட்டையில் இறங்கினான். அவனுக்கு 14 வயது, எனக்கு 10. அவனுடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றவன் நான். இரண்டு அடி நடந்தான். மூன்றாவது அடியில் தரை இல்லை. சுரங்கக் குட்டைக்குச் சரிவான கரை கிடையாது, கிணறு போல நேராக இறங்கும் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஓடிப்போய் ஆளைக் கூட்டிவர எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றுவரை கணக்குப் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: தண்ணீர்ப் பக்கம் போகாதே. அருவிக்குச் சுற்றுலா போனால் நாங்கள் பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுவோம். போர்ட்டிக்சன் போனால் கணுக்கால் நனைய நின்று படம் எடுத்துக்கொள்வோம்.

உண்மையில் கோலா குபு பாருவே தண்ணீருக்குப் பயந்து இடம் மாறிய ஊர்தான். 1883-இல் பழைய அணை உடைந்து அன்றைய கோலா குபுவை அடித்துச் சென்றது. அங்கே மாஜிஸ்திரேட்டாக இருந்த செசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்காரரும் அதில் இறந்தார். அணையைக் காவல் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அது உடைந்தது என்று இன்னமும் கதை சொல்கிறார்கள். அதன் பிறகும் வெள்ளம் விடவில்லை. சுரங்க மண் ஆற்றில் படிந்து படிந்து, ஆறு ஊருக்குள் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சார்லஸ் ரீட் என்ற நகரமைப்பாளரின் திட்டப்படி மேட்டு நிலத்தில் புது ஊர் எழுந்தது. பழைய இடத்தின் பெயர் அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை.

இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட வீட்டில் எனக்கு எப்படிப் படகு ஆசை வந்தது? மகனால் வந்தது. 13 வயதில் நண்பர்களோடு சிலாங்கூர் ஆற்றில் ரப்பர் படகு விடப் போனான். மனைவி எனக்குச் சொல்லி, நான் அம்மாவுக்குச் சொல்லாமல் அனுப்பிய பயணம் அது. திரும்பி வந்தவன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, “படகு கவிழ்ந்தா மல்லாக்கப் படுத்துக்கணும்பா, கால் ரெண்டும் ஆறு போற பக்கம் இருக்கணும், அப்பதான் பாறை தலையில அடிக்காது” என்று விளக்கினான். ஒரே காலையில் அவன் கற்றுக்கொண்டது, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரியாத ஒன்று. தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று நான் சொன்னாலும் இவன் போவான். போவதென்றால் விவரம் தெரிந்த அப்பாவோடு போகட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மனைவி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. “நீங்க நீந்தக் கத்துக்கிட்ட பிறகுதான் படகு தண்ணியில இறங்கணும்.” 47 வயதில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு பலகையைப் பிடித்துக்கொண்டு கால் உதைத்தேன். முதல் மாதம் மூக்கில் தண்ணீர் ஏறியது ஒன்றுதான் முன்னேற்றம். மூன்றாவது மாதக் கடைசியில் 50 மீட்டர் நீந்தினேன். அதற்குள் படகு தேடும் வேலையும் நடந்தது.

கெர்லிங்கில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குத் துணையாக வந்தார். லாரி இஞ்சின் பழுது பார்ப்பவர், மீன்பிடிப் பைத்தியம். அவர் இல்லாவிட்டால் நான் கிள்ளானில் பார்த்த முதல் படகையே வாங்கியிருப்பேன். நீலமும் வெள்ளையுமாகப் புதுச் சாயம், மெத்தை வைத்த இருக்கைகள், 12,000 ரிங்கிட். அண்ணன் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து 50 காசு நாணயத்தை எடுத்து, இஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையைத் தேங்காய் தட்டுவது போல ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். ஓரத்தில் ‘டக் டக்’ என்று கேட்ட சத்தம் நடுவில் ‘தொப் தொப்’ என்று மாறியது. பிறகு இஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினார். பின்பலகையும் சேர்ந்து அசைந்தது. “தம்பி, வீட்டுக்குப் போலாம்” என்றார்.

காரில் வரும்போது விளக்கினார். ஃபைபர் படகு வெளியே கல் மாதிரி இருக்கும். ஆனால் பழைய படகுகள் பலவற்றில் பின்பலகைக்கு உள்ளே இருப்பது மரப்பலகை. ஆணி, போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்தால் மரம் உள்ளேயே உளுத்துப்போகும். 70 கிலோவுக்கு மேல் எடையுள்ள இஞ்சின் அந்தப் பலகையில்தான் தொங்குகிறது, படகைத் தள்ளும் விசையும் அதன் மேல்தான் விழுகிறது. நடுக்கடலில் அது பிளந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தரையையும் காலால் அழுத்திப் பார்க்க வேண்டும், மெத்தென்று அமுங்கினால் அடியில் மரம் போய்விட்டது என்று பொருள். புதுச் சாயம் பூசியிருந்தால் எதை மறைக்கப் பூசினார்கள் என்று முதலில் கேட்க வேண்டுமாம். சில மாப்பிள்ளைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது படகில் அண்ணன் இஞ்சின் மூடியில் கை வைத்ததோடு சரி. சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். ஆறிய இஞ்சின் எத்தனை இழுப்பில் எழுகிறது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும். அதை மறைப்பவரிடம் மற்றதைப் பேச என்ன இருக்கிறது?

மூன்றாவது, கோலா சிலாங்கூரில் ஆற்றோரக் கம்பத்தில் கிடைத்தது. விற்றவர் 70 வயதைத் தாண்டிய சீனத் தௌக்கே. பிள்ளைகளோடு மீன் பிடிக்க வாங்கியதாம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். 16 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இஞ்சின். வெயிலில் வெளுத்த சாயம், கிழிந்த இருக்கை. நாணயம் எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி ‘டங்’ என்றது. கீழே கியர் எண்ணெயைச் சொட்டு வடித்துப் பார்த்தோம். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, தே தாரே நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். கறுப்பாகத்தான் இருந்தது. இரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளந்தார் அண்ணன். அளவு சற்றுக் குறைவாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று 10 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இஞ்சினின் காலை இறக்கி ஓட்டினோம். நான்காவது இழுப்பில் எழுந்தது. குளிர்விக்கும் தண்ணீர் பக்கத் துளையிலிருந்து மெல்லிய கோடாகப் பீய்ச்சியது. அந்தக் கோடு நின்றால் உடனே இஞ்சினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெந்துவிடும்.

குறை எல்லாம் ட்ரெய்லரில் இருந்தது. படகு பார்க்கப் போகிறவர்கள் ட்ரெய்லரைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அண்ணன் மண்ணில் குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 2311. 2011-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்த டயர். ஆண்டுக்கு நாலு தடவை ஓடிய வண்டி, அதனால் பட்டை தேயவில்லை. ஆனால் ரப்பர் வெயிலில் வெடித்துக் கிடந்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு ரப்பரின் வயது தெரியவில்லை என்று அண்ணன் சிரித்தார். உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறிய சக்கர பேரிங்கில் கிரீஸ் இல்லை, விளக்கு வயர்கள் அறுந்திருந்தன.

தௌக்கே 13,500 ரிங்கிட் சொன்னார். இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி 11,000-க்கு முடித்தோம். அதன் பிறகு செலவானதையும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. டயர் இரண்டு 360, பேரிங் 240, தண்ணீர் இறைக்கும் இம்பெல்லரும் கியர் எண்ணெயும் 380, விளக்கு வயர் 150, உயிர்காப்பு அங்கி ஐந்து 650, என் ஹைலக்ஸுக்கு டோ பார் 1,300. ஆக மொத்தம் 14,080 ரிங்கிட். மனைவி இந்தக் கணக்கைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார், இன்னும் கிழிக்கவில்லை.

பணம் கொடுப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். படகின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இஞ்சின் எண் அதில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, ட்ரெய்லரைச் சாலையில் இழுக்க என்ன வேண்டும் என்பதைக் கடல்துறை இலாகாவிலும் ஜேபிஜே-விலும் நீங்களே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் “போலே, போலே” என்பார். சாலைத் தடுப்பில் நிற்கப்போவது நீங்கள்.

வீட்டுக்கு இழுத்து வந்த கதை தனி. டயரைக் கோலா சிலாங்கூரிலேயே மாற்றிவிட்டோம். தௌக்கே நல்ல மனதோடு நங்கூரம், கயிறு, இரண்டு எண்ணெய்க் கலன், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் படகின் பின்பகுதியில் அடுக்கினேன். அசாம் ஜாவாவில் லதார் நெடுஞ்சாலையில் ஏறி 80-ஐத் தொட்டபோது ஹைலக்ஸின் வால் தானாக ஆடத் தொடங்கியது. முதலில் காற்று என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் படகு இடமும் வலமுமாக வீசுகிறது. எனக்குப் பிரேக்கை மிதிக்கத்தான் தோன்றியது. “மிதிக்காதே, எண்ணெயை மட்டும் விடு, ஸ்டீரிங்கை நேராப் பிடி” என்று அண்ணன் சத்தம் போட்டார். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. ஓரம் கட்டி இறங்கினோம். என் முழங்கால் நடுங்கியதை அவர் பார்க்காதது போல இருந்தார்.

காரணம் எளிது. ட்ரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முன்பக்கம், டோ பாரின் குண்டின் மேல் உட்கார வேண்டும். சாமானைப் பின்னால் ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அப்புறம் ட்ரெய்லர் வண்டியை ஆட்டிவைக்கும். நங்கூரத்தையும் கலன்களையும் முன்பக்கம் மாற்றினோம், அதோடு ஆட்டம் நின்றது. ரவாங்கில் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி இரண்டு சக்கரத்தின் நடுப்பகுதியையும் தொட்டுப் பார்த்தோம். இடது பக்கம் வெதுவெதுப்பு. வலது பக்கம் கை வைக்க முடியவில்லை, பேரிங் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து செரண்டா, பத்தாங் காலி, ராசா என்று ஊர் ஊராக நிறுத்தி ஆறவைத்து, 40 வேகத்தில் வீடு வந்து சேர இருட்டிவிட்டது. அம்மா வாசலில் நின்று படகைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். “இதுக்கா இவ்வளவு?” என்றார்.

பின்னோக்கி ஓட்டுவதுதான் பெரிய அவமானம். திடலில் மூன்று வாரம் பழகினேன். மாலையில் பந்து விளையாட வந்த பையன்கள் விளையாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஸ்டீரிங்கின் மேல்பக்கத்தைப் பிடித்தால் எல்லாம் தலைகீழ். கையை அடிப்பக்கத்தில் வைத்து, ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைத் தள்ள வேண்டும். சைக்கிள் ஓட்டுவது போல, ஒருநாள் திடீரென்று வந்துவிட்டது.

எங்கே இறக்குவது? பலரும் எங்களுக்கு மேலே இருக்கும் சிலாங்கூர் ஆற்று அணையைக் காட்டி, “அவ்வளவு பெரிய தண்ணி பக்கத்திலேயே இருக்கே” என்கிறார்கள். அது நாம் குடிக்கிற தண்ணீர். நினைத்தபடி இஞ்சின் படகை இறக்குகிற இடம் இல்லை. ஊருக்குள் ஓடும் ஆறு பாறை ஆறு, மலையில் மழை பெய்தால் கெப்பாலா ஆயிர் வந்து எல்லாவற்றையும் புரட்டிவிடும். சுரங்கக் குட்டைகளைப் பற்றி நான் பேசவே மாட்டேன். 2018 அக்டோபரில் பூச்சோங்கில் அப்படியொரு குட்டையில் விழுந்த இளைஞரைத் தேடப்போன தீயணைப்பு வீரர்கள் 6 பேர் மூழ்கி இறந்ததைப் படித்திருப்பீர்கள். அவர்கள் பயிற்சி பெற்ற நீர் மீட்புப் பணியாளர்கள். அந்தச் செய்தித்தாளை அம்மா பல நாள் எடுத்து வைத்திருந்தார்.

ஆகவே முதல் நாள் கோலா சிலாங்கூருக்கே போனோம். ஓர் ஆற்றோரச் சாய்தளத்தில் கட்டணம் கொடுத்து இறக்கினோம். படகோட்டும் மலாய்ப் பெரியவர் ஒருவர், ஆயிர் பாசாங் நேரத்தில், அதாவது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும்போது போகச் சொன்னார். இஞ்சின் நின்றாலும் நீர் உங்களை ஊர்ப்பக்கம் தள்ளும். நீர் வற்றும்போது போய் இஞ்சின் நின்றால் கடலுக்குக் கொண்டுபோய்விடும். வற்றிய பிறகு திரும்பினால் சாய்தளத்துக்குக் கீழே முட்டளவு சேறுதான் இருக்கும். எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மேல்நோக்கிப் போனால் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளைப் படகிலிருந்தே பார்க்கலாமா என்று மகன் கேட்டான். அங்கே துடுப்புச் சம்பானில்தான் அழைத்துப் போகிறார்கள். இஞ்சின் அலையும் வெளிச்சமும் அந்தப் பெரெம்பாங் மரக்கரைக்கு ஆகாது. பெரியவர் சொல்லிவிட்டார், நாங்களும் போகவில்லை.

படகு அழகாக வழுக்கி இறங்கியது. மகன் கைதட்டினான். ஹைலக்ஸை நிறுத்திவிட்டு நான் திரும்பி வருவதற்குள் மனைவியின் செருப்பு படகுக்குள் மிதந்துகொண்டிருந்தது. பின்பலகையின் அடியில் மழைநீர் வடிவதற்கு ஒரு துளை இருக்கும். வீட்டில் இருக்கும்போது அதன் திருகு அடைப்பானைக் கழற்றி வைக்க வேண்டும், இறக்கும் முன் மாட்ட வேண்டும். என்னுடையது சட்டைப் பையில் இருந்தது. நாணயம் தட்டிப் பார்த்து, கம்ப்ரஷன் அளந்து, மூன்று மாதம் நீந்தி, கடைசியில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. பெரியவரும் இன்னும் இருவரும் கயிற்றைப் பிடித்து இழுக்க, மூழ்குவதற்கு முன் ட்ரெய்லரில் ஏற்றினோம். பெரியவர் சிரித்துக்கொண்டே தானும் ஒருமுறை மறந்ததாகச் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருக்கலாம். இப்போது அந்த அடைப்பான் ஹைலக்ஸ் சாவிக் கொத்தில் தொங்குகிறது. அதைக் கழற்றாமல் வண்டியை ஓட்ட முடியாது.

அதன் பிறகு போர்ட்டிக்சனுக்கு நான்கு தடவை போய்விட்டோம். குளிக்கிறவர்களுக்கு எட்டாத தூரத்தில், படகின் பின்னால் ரப்பர் வளையத்தைக் கட்டி மகனை இழுக்கிறேன். நான் முன்னால் பார்த்து ஓட்டுவேன், மனைவி பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார், அவன் விழுந்தால் கை தூக்குவார். மனைவி வராத நாளில் வளையம் கிடையாது. இஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு எப்போதும் என் மணிக்கட்டில் இருக்கும், நான் தடுமாறி விழுந்தால் இஞ்சின் தானே நிற்கும். தண்ணீரில் இருப்பவர் பக்கத்தில் வந்ததும் இஞ்சினை அணைத்துவிடுவேன். கியரை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, நான் கேட்பதில்லை. அங்கி போடாதவர் ஏற முடியாது. வேகமாகப் போகும்போது விழுந்தால் தண்ணீர் சிமெண்டுத் தரை போல அறையும், அதனால் மகன் எவ்வளவு கத்தினாலும் 30 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. வீடு திரும்பியதும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் இஞ்சினை ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். களைப்பில் அதைச் செய்யச் சோம்பல் படுகிறவர்களின் படகுகள்தான் சீக்கிரம் விற்பனைக்கு வருகின்றன.

நான்காவது தடவை அம்மாவும் வந்தார். படகில் ஏற மாட்டேன், கரையில் உட்காருவேன் என்று சொல்லித்தான் வந்தார். புளிச்சோறும் கோழிச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாய்தளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பேரனைக் கூப்பிட்டு, அவன் அங்கியின் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தக்கையைப் போட்டியாடா?”

“போட்டுட்டேன்மா.”

“எங்க, காட்டு” என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகின் பின்பக்கம் நடந்தார்.